வீட்டுக்குள் ஒரு டிரம் கிட்: காலையும் தரையையும் பார்த்து வாங்குவது எப்படி

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் பேருந்துகள் கீழ்பென்னாத்தூரைத் தாண்டித்தான் போகின்றன. நெல்லும் மல்லாட்டையும் விளையும் வட்டாரம். ஆடி வந்தால் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். பம்பையும் உடுக்கையும் இல்லாமல் அது நடக்காது. திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் பறை, கூத்துக்கு மிருதங்கம், கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டிரம்ஸ் என்று தாளத்துக்குப் பஞ்சமே இல்லாத சுற்றுவட்டாரம். பஞ்சமெல்லாம் பழகும் இடத்துக்குத்தான்.

சாதாரண டிரம் செட்டை முழு வேகத்தில் வாசித்தால் வாசிப்பவரின் காதருகே ஒலி 100 டெசிபலைத் தாண்டிவிடும். பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தெருக்களில் இதற்கு வழியே இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவி, அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. விதி ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த வீட்டில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் எந்த டிரம்மரும் ஸ்டிக்கைக் கையில் எடுக்கத் தயங்குவார். வீட்டிலேயே தினமும் ஒரு மணி நேரம் பழக வேண்டும், வாசித்ததைப் பதிவும் செய்ய வேண்டும் என்று விரும்புபவருக்கு எலக்ட்ரானிக் டிரம் கிட்தான் நடைமுறை வழி. ஆனால் எதை வாங்குவது?

கடைக்காரரும் விளம்பரமும் முதலில் சொல்வது ஒலிகளின் எண்ணிக்கையை. 385 ஒலி, 440 ஒலி, 40 கிட் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். வாங்குபவர் கடைசியாகப் பார்க்க வேண்டியது அது. ஒலியைப் பின்னால் கணினியில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். காலுக்கடியில் இருக்கும் பெடலையும், கை படும் பேடையும், ஹை-ஹேட்டையும் அப்படி மாற்ற முடியாது. மாற்றினால் புதுக் கிட் வாங்கும் செலவில் பாதி போய்விடும். அதனால் இந்த அத்தியாயம் கிக் பெடலிலிருந்தும் அதைத் தாங்கும் தரையிலிருந்தும் தொடங்குகிறது.

அதற்கு முன் ஆக்டாபேட் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு மேடைகளுக்கு எலக்ட்ரானிக் தாளம் புதிதல்ல. ரோலண்ட் நிறுவனம் பேட்-8 என்ற முதல் ஆக்டாபேடை 1985-ல் வெளியிட்டது. 1998-ல் வந்த எஸ்பிடி-20 இந்திய மெல்லிசைக் குழுக்களிலும் பஜனைக் குழுக்களிலும் நிலையான இடம் பிடித்தது. டோலக், தபேலா, கடம், டிரம்ஸ் என்று நாலு பேர் செய்த வேலையை எட்டுச் சதுரங்களுக்குள் அடக்கி, ஒருவரே தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். திருவண்ணாமலைப் பக்கத்துக் கச்சேரிகளிலும் ‘பேட் வாசிக்கிறவர்’ இல்லாத குழு அபூர்வம். எலக்ட்ரானிக் டிரம் கிட் தேடி வருகிறவர்களில் பலர் இப்படி ஏற்கெனவே பேட் வாசித்துப் பழகியவர்கள். கை தயாராக இருக்கும். கால்தான் பழகியிருக்காது. ஆக்டாபேடில் கிக்கும் ஹை-ஹேட்டும் கையாலேயே முடிந்துவிடுகின்றன. டிரம் செட்டில் நாலு உறுப்பும் தனித்தனி வேலை செய்ய வேண்டும்.

கையில் எஸ்பிடி-20 அல்லது எஸ்பிடி-30 இருப்பவர் உடனே முழுக் கிட்டுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. அவற்றின் பின்புறத்தில் வெளிப் பேடுகளை இணைக்கும் ஜாக்குகளும் ஹை-ஹேட் பெடலுக்கான ஜாக்கும் இருக்கின்றன. ஒரு கிக் பேட், ஒரு பெடல், ஒரு ஹை-ஹேட் கன்ட்ரோலர் வாங்கி இணைத்தால் கால் பயிற்சி தொடங்கிவிடும். பணம் சேர்ந்த பிறகு பெரிய கிட். அப்போதும் அந்தக் கிக் பேடும் பெடலும் வீணாகாது.

கிக்கும் தரையும்

எலக்ட்ரானிக் டிரம் சத்தம் போடாது என்பது பாதி உண்மை. ஹெட்ஃபோன் மாட்டியவருக்குத்தான் இசை கேட்கும்; வீட்டிலிருப்பவர்களுக்கு ஸ்டிக் ரப்பரில் படும் ‘டக் டக்’ கேட்கும். அது காற்றில் வரும் சத்தம், கதவைச் சாத்தினால் அடங்கிவிடும். காலால் அடிக்கும் கிக் அப்படியல்ல. பெடலின் பீட்டர் பேடில் மோதும் ஒவ்வொரு முறையும் அதிர்வு ஸ்டாண்டின் கால்கள் வழியாகத் தரைக்குள் இறங்குகிறது. காங்கிரீட் தளம் அதை வாங்கிக் கீழ்வீட்டின் கூரையாக ஒலிக்கிறது. மாடியில் வாசிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. கீழே படுத்திருப்பவருக்கு யாரோ தலைக்கு மேலே உரலில் இடிப்பதுபோல் இருக்கும். எலக்ட்ரானிக் கிட் வாங்கிய பிறகும் அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே முதல் கேள்வி: கிட் எங்கே நிற்கப் போகிறது? தரைத்தளத்தில், மண்ணின் மேல் நேராகப் போட்ட தரையென்றால் கவலை குறைவு. அதிர்வு மண்ணுக்குள் போய்விடும். அங்கே உண்மையான பெடலும் பீட்டரும் கொண்ட கிக் பேட் தாராளமாக வாங்கலாம். மாடி அறையென்றால், அதுவும் கீழே வேறொரு குடும்பம் குடியிருந்தால், இரண்டு வழிதான் உண்டு.

ஒன்று, பீட்டரே இல்லாத பெடல். யமஹா டிடிஎக்ஸ்402கே கிட்டோடு வரும் கேயூ100 இந்த வகை. மிதித்தால் உள்ளே இருக்கும் சென்சார் உணர்ந்துகொள்ளும். எதுவும் எதிலும் போய் மோதாது. இரவு பதினொரு மணிக்கும் வாசிக்கலாம். ஆனால் உண்மையான பெடலில் பீட்டர் போய்த் திரும்பும் எடை, ஸ்பிரிங்கின் இழுப்பு, பாதம் அதைத் தாங்கிப் பிடிக்கும் விதம் எதுவும் இதில் பழகாது. ஆறு மாதம் இதிலேயே பழகிய பிறகு சர்ச்சிலோ மேடையிலோ நிஜ டிரம் செட்டில் உட்கார்ந்தால் கால் தடுமாறும். அதே வரிசையில் டிடிஎக்ஸ்432கே, டிடிஎக்ஸ்452கே இரண்டிலும் கேபி65 என்ற பேடும் பீட்டருள்ள பெடலும் வருகின்றன. மூன்றிலும் ஒலியை எழுப்பும் பெட்டியான மாட்யூல் ஒன்றே. விலை வித்தியாசம் கிக்கிலும் ஹை-ஹேட்டிலும், 452-ல் ஸ்னேரிலும்தான் இருக்கிறது. ஒலிப்பெட்டியை மாற்றாமல், கையும் காலும் படும் இடங்களை மட்டும் உயர்த்தி விலையை ஏற்றியிருக்கிறார்கள். கிட்டின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, பீட்டர் பெடலையே வைத்துக்கொண்டு தரையைப் பிரிப்பது. உலகெங்கும் டிரம்மர்கள் செய்துகொள்ளும் டென்னிஸ் பந்து மேடை இதற்கு மலிவான, நன்றாக வேலை செய்யும் தீர்வு. கீழ்பென்னாத்தூரில் எந்த ஆசாரியிடம் சொன்னாலும் ஒரு நாளில் முடித்துத் தருவார். ஒரே அளவில் இரண்டு பிளைவுட் பலகைகள், 18 மில்லிமீட்டர் கனம். கிட்டும் உட்காரும் ஸ்டூலும் சேர்ந்து நிற்க ஐந்தடிக்கு ஐந்தடி வேண்டியிருக்கும். டென்னிஸ் பந்தின் விட்டம் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர். கீழ்ப் பலகையில் அதைவிடச் சற்றுக் குறைந்த விட்டத்தில் வட்டத் துளைகள் போட வேண்டும். பந்து உள்ளே விழாமல், உருளாமல், துளையின் விளிம்பில் உட்கார வேண்டும். ஓரங்களில் வரிசையாகவும், ஆள் உட்காரும் இடத்திலும் கிக் நிற்கும் இடத்திலும் நெருக்கமாகவும் பந்துகளை வைப்பது முக்கியம், ஏனென்றால் எடை அங்கேதான் விழுகிறது. மேல் பலகையின் அடியிலும் அதே இடங்களில் ஆழமில்லாத வளையங்களோ மரச்சட்டங்களோ பொருத்திவிட்டால் அது நழுவாது. மேலே ஒரு தடித்த கம்பளம்.

கட்டியபின் ஒரு சோதனை உண்டு. பலகை சுவரை எங்கும் தொடக் கூடாது. ஓரிடத்தில் தொட்டாலும் அதிர்வு அந்த வழியாகவே வீட்டுக்குள் போய்விடும். செய்த வேலையெல்லாம் வீண். ஒருவர் மேலே கிக்கை மிதிக்க, இன்னொருவர் கீழ்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் அறையில் நின்று கேட்க வேண்டும். அந்தக் கீழ்வீட்டுக்காரரைச் சோதனைக்கு அழைத்ததே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். மேடை கட்ட இடமில்லாதவர்களுக்கு ரோலண்டின் நாய்ஸ் ஈட்டர் போன்ற ரப்பர் தாங்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. கிக்குக்கும் ஸ்டாண்டின் கால்களுக்கும் அடியில் வைப்பவை.

கை படும் இடம்

1981-ல் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் நிறுவனம் வெளியிட்ட எஸ்டிஎஸ்-5 கிட்டின் அறுகோணப் பேடுகள் அக்கால இசைக்குழுக்களின் அடையாளமாகவே மாறின. பார்க்க அழகு, அடிக்கக் கொடுமை. பாலிகார்பனேட் தகட்டால் ஆன அந்த முகப்பு கொஞ்சமும் விட்டுக்கொடுக்காததால் டிரம்மர்கள் பலருக்கு மணிக்கட்டு வலி வந்தது. பிறகு ரப்பர் வந்தது. 1997-ல் ரோலண்ட் தன் டிடி-10 கிட்டோடு, டிரம் தோல் தயாரிப்பில் பேர் பெற்ற ரெமோ நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய மெஷ் பேடுகளைக் கொண்டுவந்தது. வலைபோல் நெய்த துணி. டிரம் சாவியால் இறுக்கவும் தளர்த்தவும் முடியும். ஸ்டிக் தோலில் துள்ளுவதுபோல் துள்ளும். சத்தமும் ரப்பரைவிட நன்றாகக் குறைவு. இன்று விலை குறைந்த கிட்களிலும் மெஷ் வந்துவிட்டது. ஸ்னேராவது மெஷ்ஷாக இருக்கும் கிட்டையே வீட்டுப் பயிற்சிக்குப் பரிந்துரைக்கலாம். டாம்கள் ரப்பராக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. பயிற்சியில் முக்கால்வாசி அடி ஸ்னேரில்தான் விழுகிறது.

அளவும் பார்க்க வேண்டும். சாதாரண ஸ்னேர் 14 அங்குலம். அலெசிஸ் நைட்ரோ மெஷ் கிட்டின் ஸ்னேர் 8 அங்குலம். அதன் பிறகு வந்த நைட்ரோ மேக்ஸில் 10 அங்குலம். விளம்பரம் நைட்ரோ மேக்ஸில் ஒலிகள் 385-லிருந்து 440 ஆனதைச் சொல்லும். கையில் ஸ்டிக் பிடிப்பவருக்கு அந்த இரண்டு அங்குலம்தான் பெரிய முன்னேற்றம். சின்னப் பேடில் பழகியவர் கையைக் குறுக்கிக்கொண்டே வாசிக்கப் பழகிவிடுவார், நிஜ டிரம்முக்குப் போனதும் விளிம்பு எட்டாது.

பேடுக்கு அடியில் இருப்பது பியசோ எனப்படும் சிறு வட்டத் தகடு. அடி விழும்போது அது ஒரு கணம் மின்னழுத்தத்தை எழுப்புகிறது. அதன் உயரத்தை மாட்யூல் 1 முதல் 127 வரையிலான எண்ணாக மாற்றிக்கொண்டு, அந்த வேகத்துக்குரிய ஒலியை எழுப்புகிறது. பெரும்பாலான மெஷ் பேடுகளில் இந்தத் தகட்டின் மேல் ஒரு நுரைக் கூம்பு நின்று நடுவில் வலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதனால் வரும் ஒரு குறை: சரியாக நடுவில் அடித்தால் சத்தம் திடீரென்று எகிறும், இரண்டு அங்குலம் தள்ளி அடித்தால் அடங்கும். கூம்பு பழையதாகி அமுங்கினால் இந்தக் குறை வேறு மாதிரி மாறும். இதை எந்த விளம்பரமும் சொல்லாது, கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் கடையில் போய் அடித்துப் பார்க்காமல் வாங்குவது சரியல்ல. இணையத்தில் ஆர்டர் செய்தாலும், ஒருமுறை சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது. 1842-ல் தொடங்கி இன்று அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பெரிய கடைகளில் கிட்களை வாசித்துப் பார்க்கலாம். கச்சேரி வேலையாகப் புதுச்சேரிக்கோ வேலூருக்கோ போகும்போது அங்குள்ள கடைகளையும் எட்டிப் பார்க்கலாம். தெரிந்தவர் யாரிடமாவது அதே கிட் இருந்தால் அது இன்னும் சிறந்தது. கடையில் ஐந்து நிமிடம் வாசிப்பதைவிட ஒரு மாலை வாசிப்பது அதிகம் சொல்லும்.

அங்கே வேகமாக, பலமாக வாசித்துக் காட்டுவதில் பயனில்லை. எந்தக் கிட்டும் பலத்த அடிக்கு நன்றாகவே பதில் சொல்லும். முதலில் மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஸ்டிக்கின் எடை மட்டும் விழும்படி ஸ்னேரில் மெதுவாகத் தட்ட வேண்டும். எல்லா அடியும் கேட்கிறதா, சில காணாமல் போகிறதா? பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒலி படிப்படியாக உயர வேண்டும், இரண்டே படியில் தாவக் கூடாது. குத்துப் பாட்டின் ஆறெட்டுத் தாளத்தில் பெரிய அடிகளுக்கு நடுவே ஒளிந்து வரும் சிறு தட்டல்கள்தான் ஆட்டத்தைத் தூக்குகின்றன. அவை விழாத கிட்டில் அந்தத் தாளம் உயிரில்லாமல் போகும். அடுத்து நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே பலத்தில் அடித்துக்கொண்டே போய்ப் பார்ப்பது. அதன்பின் டாமில் ஓங்கி அடித்து, தொடாத சிம்பல் தானாக ஒலிக்கிறதா என்று கவனிப்பது. கம்பிச் சட்டம் அதிர்வைக் கடத்துவதால் வரும் இந்தக் குறையை மாட்யூலில் கிராஸ்டாக் என்ற அமைப்பில் ஓரளவு சரிசெய்யலாம். அமைத்த பிறகும் நிற்கவில்லையென்றால் சட்டம் பலவீனம் என்று பொருள்.

ஹை-ஹேட்டுக்குத் தனிப் பொறுமை வேண்டும். மலிவான கிட்களில் மேலே ஒரு பேட் அசையாமல் நிற்கும், கீழே தனியாக ஒரு பெடல் இருக்கும். மூடியது, திறந்தது என்று இரண்டே நிலை இருந்தால் போதாது. பாதத்தை மெல்ல விடும்போது பாதி திறந்த அந்த இரைச்சல் படிப்படியாக விரிய வேண்டும். ரோலண்ட் டிடி-17கேவிஎக்ஸ் போன்ற கிட்களில் நிஜ ஹை-ஹேட் ஸ்டாண்டில் மாட்டும் பேட் வருகிறது. இடது காலை ஒழுங்காகப் பழக்க விரும்புபவருக்கு அது கொடுக்கும் சுகம் வேறு. ஆனால் ஸ்டாண்டையும் கிக் பெடலையும் தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். சிம்பலைப் பொறுத்தவரை, அடித்துவிட்டு விரலால் பிடித்தால் ஒலி நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

பதிவு

ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படமான ரோஜா 1992-ல் வெளிவந்தபோதே, கோடம்பாக்கத்தில் அவர் வீட்டையொட்டி அமைத்த பஞ்சதன் ஸ்டூடியோ ஒரு தலைமுறைக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டது: நல்ல ஒலிப்பதிவு வீட்டிலிருந்தும் வரும். கிராமத்து அறையிலிருந்து டிரம் பதிவு செய்வது அன்று நினைத்துப் பார்க்க முடியாத செலவு. இன்று ஒரு யூஎஸ்பி கேபிளில் முடிகிறது.

இதில் இரண்டு வகை இருப்பதை வாங்கும் முன்பே புரிந்துகொள்ள வேண்டும். மாட்யூலின் யூஎஸ்பி வழியே போவது மிடியாக இருக்கலாம், ஒலியாகவும் இருக்கலாம். மிடி என்பது ஒலியல்ல. எந்தப் பேடை, எப்போது, எவ்வளவு பலமாக அடித்தார் என்ற குறிப்பு. 1983-லிருந்து இருக்கும் இந்த முறையில் கிக்குக்கு 36, ஸ்னேருக்கு 38, மூடிய ஹை-ஹேட்டுக்கு 42, திறந்ததற்கு 46 என்று பொது எண்கள் உண்டு. நைட்ரோ வரிசை யூஎஸ்பி வழியே மிடியை மட்டுமே அனுப்பும். ஒலி வேண்டுமென்றால் லைன் அவுட்டிலிருந்து கேபிள் போட்டு ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் கொண்டுபோக வேண்டும். ரோலண்ட் டிடி-07, டிடி-17 போன்றவற்றில் மிடியோடு ஒலியும் அதே யூஎஸ்பியில் போகும். டிடி-27 கிக், ஸ்னேர், டாம் என்று தனித்தனித் தடங்களாகவே அனுப்பும்.

வீட்டில் பதிவு செய்பவருக்கு மிடியே பெரிய வரம் என்பதற்குக் கீழ்பென்னாத்தூரின் ஆடி மாதம் ஒன்றே போதும். காலை ஐந்து மணிக்குக் குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு தொடங்கிவிடும். மைக் வைத்துப் பதிவு செய்பவர் அன்று கடையை மூட வேண்டியதுதான். மிடிக்கு வெளிச் சத்தம் கேட்காது. தெருவில் தேரே போனாலும் பதிவில் இருப்பது அடிகள் மட்டுமே. கோப்பும் மிகச் சிறியது. ஒரு பாட்டின் மிடி சில கிலோபைட்டுகள். அதே நான்கு நிமிடப் பாட்டை எட்டுத் தடங்களில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியாகப் பதிந்தால் 270 மெகாபைட்டைத் தாண்டும். சென்னையில் இருக்கும் இசையமைப்பாளருக்கு மொபைல் டேட்டாவில் அனுப்புகிறவருக்கு இந்த வித்தியாசம் புரியும். அனுப்பிய மிடியை அவர் ஈஸி டிரம்மர், அடிக்டிவ் டிரம்ஸ், பிஎஃப்டி போன்ற மென்பொருளில் ஏற்றி, பெரிய ஸ்டூடியோவில் பதிவான நிஜ டிரம்களின் ஒலியோடு மாற்றிக்கொள்வார். இலவசமாகத் தொடங்க விரும்புவோருக்கு எம்டி பவர் டிரம் கிட் இருக்கிறது. மாட்யூலின் சொந்த ஒலி சுமாராக இருந்தாலும் பதிவு கெட்டுப்போகாது. ஆனால் பேட் மெதுவான அடியைத் தவறவிட்டால் எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பதிவின்போது வரும் தொல்லை தாமதம். அடித்ததற்கும் காதில் விழுவதற்கும் நடுவே கணினி சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. மென்பொருளில் பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 மில்லிநொடி, 512 என்றால் 12 மில்லிநொடிக்குக் கொஞ்சம் குறைவு. போகவும் வரவும் சேர்ந்து இன்னும் கூடும். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. 12 மில்லிநொடி என்பது தன் டிரம்மை நாலு மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். பழகிய கைக்கு அது உறுத்தும். எளிய வழி ஒன்று: ஹெட்ஃபோனை மாட்யூலிலேயே செருகி, மாட்யூலின் ஒலியைக் கேட்டே வாசித்துவிட்டு, மிடியை மட்டும் லேப்டாப்பில் பதிவது. பாட்டையும் கிளிக்கையும் லேப்டாப்பிலிருந்து மாட்யூலின் ஆக்ஸ் ஜாக்குக்குக் கேபிளில் கொடுத்துவிடலாம். ஒலி மாற்றமெல்லாம் பிறகு. பழைய லேப்டாப்பிலும் இது தடையில்லாமல் நடக்கும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகாது. சாதாரண ப்ளூடூத்தில் தாமதம் 100 மில்லிநொடியைத் தாண்டுவது சகஜம். கம்பியுள்ள, காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனே வேண்டும். ஸ்டிக் சத்தத்தை அது அடக்குவதால் ஒலியளவைக் குறைத்தே வைத்துக்கொள்ள முடியும். இது காதைக் காக்கும் விஷயம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை என்று வரம்பு சொல்கிறது. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். காதில் ‘ங்ங்’ என்ற ஒலி மீதமிருந்தால் அன்றைய ஒலியளவு அதிகம் என்று அர்த்தம். இளம் டிரம்மர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போன கேள்திறன் திரும்பி வராது.

லேப்டாப் இல்லாதவருக்குப் போனே போதும். யமஹாவின் ரெக்-அன்-ஷேர் செயலி டிடிஎக்ஸ்402 வரிசையோடு இணைந்து, போனில் இருக்கும் பாட்டின் மேல் வாசித்ததைப் படத்தோடு பதிவு செய்யும். இன்ஸ்டாகிராமில் போடத் தொடங்கும் பிள்ளைகளுக்கு அதுவே நல்ல ஆரம்பம்.

நம் ஊர்த் தாளம் வாசிப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டு வாங்கலாம்: சொந்த ஒலியை ஏற்றும் வசதி. டிடி-17, எஸ்பிடி-எஸ்எக்ஸ் போன்றவற்றில் வேவ் கோப்புகளை ஏற்றலாம். ஊர்ப் பறையின் ஒலியை மாட்யூல்களோடு வரும் பொது ஒலிகளில் தேடினால் கிடைக்காது. தெரிந்த கலைஞரிடம் கேட்டு, அவர் உழைப்புக்கு உரியதைக் கொடுத்து, தோலைத் தீயில் காய்ச்சி ஏற்றிய சூட்டோடு பதிவு செய்ய வேண்டும். அடிக்குச்சியின் கனத்த அடி தனி, சிண்டுக்குச்சியின் சுள்ளென்ற அடி தனி; ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று பலத்தில். பம்பையின் முகங்களுக்கும் அதேபோல். மேலே சுழலும் ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்தால் போதும், நல்ல போன் மைக்கே வேலையை முடித்துவிடும்.

மின்சாரம், வெயில், எலி

மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மின்சாரம் போவது முன்கூட்டியே தெரியும். சொல்லாமல் போவதுதான் பதிவைக் கெடுக்கும். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் அது ஓடிக்கொண்டிருக்கும், மாட்யூல் அணைந்து யூஎஸ்பி இணைப்பு அறுந்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் சைன் வேவ் வகையாக இருப்பது நல்லது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில அடாப்டர்கள் இரைந்து ஒலியிலும் அந்த இரைச்சலைக் கலக்கும். வைஃபை ரூட்டருக்குப் போடும் சின்ன யூபிஎஸ் பல மாட்யூல்களுக்குப் பொருந்தும், மூன்று விஷயம் ஒத்துப்போனால்: வோல்ட், ஆம்பியர், முனையின் நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்பது. மூன்றும் அடாப்டரின் முதுகிலேயே அச்சிட்டிருக்கும். நடு முனையை மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் பழுதாகலாம், பழுதானால் பெட்டியைச் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும். பதிவில் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல் தொடர்ந்து வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

மொட்டைமாடியில் தகர ஷெட் போட்டுப் பயிற்சி அறையாக்குவது பலரும் யோசிக்கும் வழி. சித்திரை, வைகாசி வெயிலில் தகரத்தின் அடியில் ரப்பர் இறுகும், பேடை ஒட்டிய பசை விடும், மாட்யூல் திரையும் தாங்காது. அங்கே வாசித்தாலும் மாட்யூலைக் கழற்றிக் கீழே கொண்டுவருவது நல்லது. நெல் மூட்டை வைக்கும் அறையில் கிட் இருந்தால் எலி கேபிளைக் கடிக்கும். கேபிள்களைச் சட்டத்தின் குழாயோடு சேர்த்து மேலே கட்டிவிட வேண்டும். நுனி பிளந்த ஸ்டிக்கால் மெஷ்ஷில் அடிக்கவே கூடாது. ஒரு சிலும்பு போதும், வலை கிழிந்துவிடும்.

பணம்

கிட்டின் விலையோடு செலவு முடிவதில்லை. ஸ்டூல், ஹெட்ஃபோன், ஸ்டிக், கம்பளம், சில கிட்களில் கிக் பெடல் என எல்லாம் தனி. கையில் இருக்கும் தொகை முழுவதையும் கிட்டுக்கே கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பவர் முதுகுவலியில் முடிப்பார். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்குள் கிட் தேடுவது சரியான கணக்கு. உயரம் ஏற்றி இறக்க முடியும் ஸ்டூல் முதல் செலவாக இருக்க வேண்டும். தொடை முழங்காலைவிடச் சற்று உயர்ந்து நின்றால்தான் கால் சோராமல் மிதிக்கும்.

செகண்ட் ஹேண்ட் கிட் தமிழ்நாட்டில் நிறையவே கைமாறுகிறது, ஆர்வம் குறைந்தவர்கள் ஒரு வருடத்தில் விற்றுவிடுவதால். பார்க்கப் போகிறவர் சொந்த ஹெட்ஃபோனையும் ஒரு யூஎஸ்பி கேபிளையும் எடுத்துப்போக வேண்டும். ஒவ்வொரு பேடிலும் மேலே சொன்ன மெதுவான தட்டல். கேபிள் முனைகளை லேசாக ஆட்டி ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்று சோதிப்பது. ஹை-ஹேட் பெடலை இருபது முறை மெல்ல ஏற்றி இறக்குவது. முதலில் தேய்வது அதுதான். மெஷ் கிழிந்திருந்தால் பயப்பட வேண்டாம், சாதாரண அளவுகளில் தனியாகக் கிடைக்கும், அதற்குரிய தொகையைக் குறைத்துக் கேட்கலாம். மாட்யூலின் ஏதாவது ஒரு ஜாக் வேலை செய்யவில்லையென்றால் வாங்காமல் திரும்பிவிட வேண்டும். அசல் அடாப்டர் இல்லாமல் ‘இதுவும் அதே மாதிரிதான்’ என்று வேறொன்றைக் கொடுத்தால், மாட்யூலின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

புதிதாக வாங்குபவர் அட்டைப்பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் உத்தரவாதக் காலம் முடியும் வரை பரணில் வைத்திருக்க வேண்டும். பழுது பார்க்கச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும்போது பார்சல் அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.